வாசகர் கேள்வி–பதில்: 4கே திரையின் முன் நம் கேமரா

இம்மாதக் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே பொருளைச் சுற்றி வந்துள்ளன. பழைய தொலைக்காட்சி பழுதானதும் அதன் இடத்தில் வந்து அமர்வது 4கே திரையாகவே இருக்கிறது. அந்தத் திரையின் முன் தங்கள் ஒளிப்பதிவு எடுபடுமா என்ற ஐயம், கேமராவைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கும் ஆர்வத்தால் ஏந்தியவர்களுக்கும் ஒருசேர எழுந்துள்ளது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என இன்று நான்கு மாவட்டங்களாக நிற்கும் பழைய வட ஆற்காட்டிலிருந்து வந்த கடிதங்கள் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, குடியாத்தத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் திருமண ஒளிப்பதிவு செய்து வருகிறேன். என்னிடம் இருப்பது முழு எச்.டி. பதிவு செய்யும் டி.எஸ்.எல்.ஆர். கேமரா. சென்ற தை மாதம் ஒரு வாடிக்கையாளர், புதிதாக வாங்கிய 55 அங்குல 4கே டிவியில் தம் மகள் திருமணப் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, "படம் மங்கலாக இருக்கிறதே" என்று முகம் சுளித்தார். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாற முடிவு செய்துவிட்டேன். 4கே போதுமா, அல்லது நாளைய தேவையை எண்ணி 8கே வாங்கிவிடலாமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: மங்கல நிகழ்ச்சியின் படத்தைப் பார்த்து மங்கல் என்று ஒருவர் சொல்வது வருத்தத்திற்குரியதுதான். ஆனால் அந்த மங்கலுக்குத் தங்கள் கேமராவின் பிக்சல் எண்ணிக்கை மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை.

முழு எச்.டி. படத்தில் 1920 × 1080, அதாவது ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள் உள்ளன. 4கே திரையில் 3840 × 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம். ஆகவே அத்திரை எச்.டி. படத்தின் ஒவ்வொரு பிக்சலையும் நான்காக விரித்துக் காட்டுகிறது. இயல்பான பார்வையுடைய ஒருவரின் கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுக்கு நுணுக்கங்களைப் பிரித்தறியும் என்பது பொதுவான கணக்கு. 55 அங்குலத் திரையின் உயரம் 27 அங்குலம், அதில் எச்.டி. படத்தின் ஒரு புள்ளி அந்த அளவுக்குச் சுருங்கிவிடும் தொலைவு ஏறத்தாழ 7 அடி. அதற்கு அப்பால் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பவருக்கு, நன்றாக எடுக்கப்பட்ட எச்.டி. படத்துக்கும் 4கே படத்துக்கும் உள்ள வேறுபாடு எளிதில் தெரியாது. 4கே படத்தின் முழு நுணுக்கமும் தெரிய வேண்டுமானால் மூன்றரை அடிக்கு நெருங்க வேண்டும். 8கே என்றால் இரண்டு அடிக்குள் செல்ல வேண்டும். கூடத்தில் அப்படி யாரும் உட்காருவதில்லை. எனவே 8கே பற்றிய கேள்வியை இங்கேயே முடித்துக்கொள்ளலாம்; திருமண வேலைக்கு அது வேண்டியதில்லை, அதற்காகும் கூடுதல் வன்தட்டுச் செலவும் வேண்டியதில்லை.

அப்படியானால் மங்கல் எங்கிருந்து வந்தது? முதல் காரணம், பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் பலவும் காணொளி எடுக்கும்போது, ஒளியை உணரும் பகுதியான சென்சாரின் எல்லாப் புள்ளி வரிசைகளையும் படிப்பதில்லை. சில வரிசைகளைத் தாண்டித் தாண்டிப் படித்து, கிடைத்ததைக் கோத்து எச்.டி. என்ற அளவில் தருகின்றன. கோப்பின் அளவு 1920 × 1080 என்று இருந்தாலும் உள்ளே உண்மையாக இருக்கும் நுணுக்கம் அதைவிடக் குறைவு. பழைய 32 அங்குலத் திரையில் மறைந்திருந்த அந்தக் குறை, பெரிய திரையில் வெளிப்பட்டுவிட்டது. இரண்டாவது காரணம், இரண்டரை மணி நேரப் படத்தைச் சிறிய பென் டிரைவில் அடக்குவதற்காக நாம் செய்யும் கடுமையான சுருக்கம். மூன்றாவது, ஃபோகஸ்.

இந்த மூன்றாவது காரணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சத்துவாச்சாரியில் நடந்த ஒரு வரவேற்பில், 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4 என்ற அகலத் திறப்பில் வைத்து மணமகளை நெருக்கமாக எடுத்தேன். கேமராவின் பின்புறத் திரையில் படம் கண்ணாடி போலத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து 4கே மானிட்டரில் திறந்தபோது, காதிலிருந்த ஜிமிக்கியின் முத்துகள் ஒவ்வொன்றும் எண்ணும்படி இருந்தன; கண்கள் பனிமூட்டத்தில் இருந்தன. பிழை முழுவதும் என்னுடையதே. இரண்டு மீட்டர் தொலைவில் அந்த லென்ஸ், அந்தத் திறப்பில் தரும் தெளிவின் ஆழம் நான்கைந்து சென்டிமீட்டர்தான். திறப்பை எஃப் 4 அளவுக்குச் சுருக்கியிருந்தால் பதின்மூன்று சென்டிமீட்டர் கிடைத்திருக்கும். கேமராவின் திரை ஏன் என்னை ஏமாற்றியது என்றால், விளம்பரத்தில் 10.4 லட்சம் புள்ளி என்று குறிப்பிடப்படும் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிப் புள்ளிகளாக எண்ணப்படுகின்றன; மூன்றால் வகுத்தால் எஞ்சுவது 720 × 480 பிக்சல்கள். 4கே படத்தில் இருபத்து நான்கில் ஒரு பங்கை மட்டும் காட்டும் திரையைப் பார்த்து ஃபோகஸ் சரி என்று நம்பியது, குண்டூசித் துளை வழியாகக் கோபுரம் பார்த்த கதைதான். பெரிய திரை நம்மிடம் கூடுதல் பிக்சலைக் கேட்பதைவிட, நம் பிழைகளைக் காட்டிக்கொடுப்பதையே அதிகம் செய்கிறது. ஆகவே புதிய கேமராவில் தாங்கள் முதலில் தேட வேண்டியது, கண்ணைக் கண்டறிந்து விடாமல் பின்தொடரும் தானியங்கி ஃபோகஸ்; அடுத்து, சென்சாரையே அசைத்து நடுக்கத்தைக் குறைக்கும் வசதி.

இவ்வளவும் சொன்ன பிறகு, 4கே பதிவு வேண்டாம் என்று பொருள் கொள்ள வேண்டாம், கட்டாயம் வேண்டும். சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தை மட்டுமே அறியும்: பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். எஞ்சிய நிறங்களைக் கேமரா கணித்துக்கொள்கிறது. எனவே 3840 புள்ளி அகலத்தை மட்டும் படித்து 4கே செய்வதைவிட, 6000 புள்ளி அகலத்தை முழுமையாகப் படித்து 4கே-ஆகச் சுருக்கும் கேமராவின் படம் கூடுதல் தெளிவாக இருக்கும். 24 மெகாபிக்சல் சென்சாருக்கு ஏறத்தாழ அந்த அகலம் உண்டு. அடுத்த பயன், கைப்பேசிக்கான நெடுக்குப் படம். 4கே படத்திலிருந்து நெடுக்காக வெட்டினால் 1215 × 2160 கிடைக்கிறது. ஸ்டேட்டஸுக்கும் ரீல்ஸுக்கும் வேண்டிய 1080 × 1920-ஐவிட அது அதிகம். எச்.டி.யிலிருந்து வெட்டினால் 607 பிக்சல் அகலம்தான் மிஞ்சும். இன்றைய மணமக்கள் முழுப் படத்தைப் பார்க்கிறார்களோ இல்லையோ, அந்த அரை நிமிடத் துண்டைப் பல முறை பார்க்கிறார்கள்.

மண்டபத்து எல்.இ.டி. சுவரைக் காட்டி 4கே நேரலை வேண்டும் என்று யாரேனும் கேட்டால் அஞ்ச வேண்டியதில்லை. புள்ளிக்குப் புள்ளி 3.91 மி.மீ. இடைவெளியுள்ள பலகைகளால் அமைத்த 12 அடி அகலச் சுவரில் குறுக்கே தொள்ளாயிரம் சொச்சம் புள்ளிகள்தான் உள்ளன. அது எச்.டி.யில் பாதி அகலம்கூட இல்லை.

பெயர் சொல்லிக் கேட்பீர்கள். கேனான் ஆர்6 மார்க் 2, சென்சாரின் முழு அகலத்தையும் 6கே அளவில் படித்து 4கே-ஆகத் தருகிறது; நொடிக்கு 50 ஃப்ரேம் (தனிப்படம்) வேகத்திலும் அப்படியே தருவது அதன் சிறப்பு. தங்களிடம் ஏற்கெனவே கேனான் இ.எஃப். லென்ஸ்கள் இருந்தால், அடாப்டர் மூலம் அவற்றைப் பயன்படுத்தலாம் என்பதால் அதுவே எளிய வழி. அதே வகைச் சென்சார் ஆர்8 கேமராவிலும் உண்டு. ஆனால் அதில் ஒரே ஒரு கார்டுதான் போட முடியும், சென்சாரை அசைத்து நடுக்கத்தைக் குறைக்கும் வசதியும் இல்லை. 2023-இல் வந்த பானாசோனிக் எஸ்5 மார்க் 2, அந்நிறுவனத்தின் பழைய மிரர்லெஸ் கேமராக்களில் குறையாகச் சொல்லப்பட்ட ஃபோகஸைச் சரிசெய்துகொண்டு வந்தது. சோனி ஏ7 மார்க் 4 கேமராவும் 25 ஃப்ரேமில் முழு அகலத்தைப் படிக்கும். எதை வாங்கினாலும், இரண்டு கார்டுகளில் ஒரே நேரத்தில் பதியும் வசதி இல்லாத கேமராவை முகூர்த்தத்துக்குக் கொண்டுசெல்லாதீர்கள். தாலி கட்டுவதை மறுபடி ஒருமுறை கட்டச் சொல்ல முடியாது.

கேள்வி: காட்பாடியில் கல்லூரி மாணவன். விடுதி அறைக்குள் ஒரு குறும்படம் எடுக்கிறேன். இரவல் வாங்கிய மிரர்லெஸ் கேமராவில் எச்.டி.யில் அறை முழுவதும் தெரிகிறது. 4கே-க்கு மாற்றினால் அறையில் பாதி காணாமல் போகிறது. லென்ஸ் பழுதா, ஐயா? (காட்பாடி வாசகர்)

பதில்: லென்ஸில் ஒன்றும் இல்லை, தம்பி. சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் படித்து 4கே தரும் கேமரா அது. உள்ளேயே 4கே பதிவு செய்த முதல் மிரர்லெஸ் கேமராவான பானாசோனிக் ஜி.எச்.4, 2014-இல் வந்தபோது அப்படித்தான் செய்தது; 2018-இல் வந்த கேனான் இ.ஓ.எஸ். ஆர் கேமராவிலும் 4கே எடுக்கும்போது 24 மி.மீ. லென்ஸ், ஏறத்தாழ 42 மி.மீ. லென்ஸ் போல நடந்துகொள்ளும். அன்று சென்சாரை வேகமாகப் படிக்கவும் அவ்வளவு தரவைக் கையாளவும் கேமராவின் உள்மூளைக்கு வலு போதவில்லை. இன்றைய கேமராக்களிலும் இந்த வெட்டு 50 ஃப்ரேம் வேகத்தில் ஒளிந்திருக்கிறது: மேலே சொன்ன எஸ்5 மார்க் 2, ஏ7 மார்க் 4 இரண்டும் 25 ஃப்ரேமில் முழு அகலம் தந்து, 50 ஃப்ரேமில் ஒன்றரை மடங்கு நெருக்கிவிடுகின்றன. கடையில் வாங்கும்போது கேமராவை டிரைபாடில் நிறுத்தி, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி ஒவ்வொரு பதிவு முறையாக மாற்றிப் பாருங்கள். விவரக் குறிப்பில் அடிக்குறிப்பாக மறைந்திருப்பது அங்கே இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இப்போதைக்குக் குறும்படத்தை எச்.டி.யிலேயே எடுத்து முடியுங்கள்.

கேள்வி: ஆரணியில் பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கிறோம். இணையத்தில் விற்பதற்காகச் சேலைகளைக் காணொளி எடுக்கிறோம். ஜரிகைப் பகுதியில் வானவில் போன்ற அலைகள் ஓடுகின்றன. அரக்குச் சிவப்பு வேறு நிறமாக வருகிறது. கூடுதல் மெகாபிக்சல் கேமரா வாங்கினால் தீருமா? (ஆரணி வாசகி)

பதில்: அம்மா, அந்த அலைகளுக்கு மொய்ரே என்று பெயர். ஜரிகை இழைகளின் வரிசையும் சென்சார் புள்ளிகளின் வரிசையும் ஏறத்தாழ ஒரே அளவில் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது, இரண்டிலும் இல்லாத மூன்றாவது கோலம் பிறக்கிறது. கொசுவலை இரண்டை ஒன்றாகப் பிடித்தால் தெரியும் நெளிவு போல. வரிசைகளைத் தாண்டிப் படிக்கும் கேமராக்களில் இது மிகுதி. முழுச் சென்சாரையும் படித்துச் சுருக்கும் கேமராவில் வெகுவாகக் குறையும். ஆனால் நெருக்கமான நெசவின் முன் எந்தக் கேமராவிலும் முற்றிலும் நின்றுவிடாது. மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து வாங்குவதைவிட, தங்கள் கடையின் முந்தானை ஒன்றையே எடுத்துச் சென்று, கேமராவில் பதிந்து, அந்தக் கோப்பை 4கே திரையில் பார்த்து வாங்குவது நல்லது. கையிலுள்ள கேமராவிலேயே, சேலைக்கும் கேமராவுக்கும் இடையிலான தொலைவை ஓரடி கூட்டியோ குறைத்தோ பாருங்கள். அல்லது கேமராவைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். பல நேரங்களில் அலை அதிலேயே அடங்கிவிடும்.

சிவப்பின் சிக்கல் வேறு. பெரும்பாலான எளிய கேமராக்கள் 8 பிட் முறையில், ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளில் பதிகின்றன. அத்துடன் நான்கு பிக்சல்களுக்கு ஒரு நிறத் தகவல் என்ற கணக்கில் சேமிக்கின்றன. அரக்கு, குங்குமம், மாம்பழ மஞ்சள் போன்ற அடர்ந்த நிறங்களில் படிகள் போதாமல் மடிப்புகளின் நிழல் கரைந்துவிடுகிறது. 10 பிட் கேமராவில் 1024 படிகள் உண்டு. பட்டுக்கு அது கண்ணால் காணத்தக்க வேறுபாடு. ஆயினும் கேமரா வாங்குமுன் விளக்கை மாற்றுங்கள். கடைக்கூரையில் உள்ள மலிவான எல்.இ.டி. விளக்குகளின் ஒளியில் சிவப்புப் பகுதி குறைவாக இருந்தால், ஒளியில் இல்லாத நிறத்தை எந்தச் சென்சாரும் உண்டாக்கித் தராது. நிறம் காட்டும் தரம் 95-க்கு மேல் என்று குறிப்பிட்ட விளக்குகள் இரண்டும், வெண்மை வெண்மையாகவே தெரியும்படி நிறத்தைச் சீராக்கும் வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் ஒருமுறை அமைத்துப் பூட்டுவதும் தங்கள் புகாரில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும்.

கேள்வி: ஆற்காட்டை அடுத்த எங்கள் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது இரவு முழுவதும் பாரதக் கூத்து நடக்கும். மூத்த கலைஞர்கள் இருக்கும்போதே முழுமையாக 4கே-யில் பதிந்து வைக்க விரும்புகிறோம். சென்ற ஆண்டு முயன்றதில் கேமரா அரை மணிக்கு ஒருமுறை தானே நின்றது. படத்தில் கறுப்புப் பட்டைகளும் ஓடின. எந்தக் கேமரா இதற்கு ஏற்றது? (ஆற்காடு வாசகர்)

பதில்: இந்தக் கடிதம் வந்ததில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி. பாரதக் கூத்தைப் பின்னாளில் பார்ப்பவர்கள் இன்றைய திரைகளைவிடப் பெரிய திரைகளில் பார்ப்பார்கள் என்பதால், 4கே-யில் பதிய நினைத்தது சரியான முடிவு. திருமணப் படத்துக்கு நான் சொன்ன கணக்கு ஆவணத்துக்குப் பொருந்தாது: தோளணியான புஜகீர்த்தியின் கண்ணாடிச் சில்லு எப்படி ஒட்டப்பட்டது, முகத்தில் அரிதாரம் எந்த வரிசையில் தீட்டப்பட்டது என்பதை நாளை ஒருவர் படத்தை நிறுத்தி, நெருங்கி ஆராய்வார்.

அரை மணிக்கு ஒருமுறை நிற்பது பழுதன்று. முப்பது நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதியும் கருவியை ஐரோப்பியச் சுங்கத் துறை வீடியோ கேமராவாக வகைப்படுத்திக் கூடுதல் வரி விதித்ததால், தயாரிப்பாளர்கள் தங்கள் கேமராக்களை 29 நிமிடம் 59 நொடியில் நிற்கும்படி அமைத்தார்கள். அங்கே போட்ட வரிக்காக ஆற்காட்டுக் கூத்தில் துரியோதனன் பாதி வசனத்தில் அறுபட வேண்டியிருந்தது. இன்றைய கேமராக்கள் பலவற்றில் அந்த வரம்பு இல்லை; வாங்குமுன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கறுப்புப் பட்டைகளுக்குக் காரணம் விளக்குகள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி; அதில் எரியும் விளக்குகள் பலவும் நொடிக்கு 100 முறை மங்கிப் பெருகுகின்றன. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒரே அளவு ஒளி விழும். 1/60, 1/125 என்று வைத்தால் பட்டை ஓடும். முதல் வேலையாகக் கேமராவை, 60 சுழற்சி மின்சாரத்துக்கான என்.டி.எஸ்.சி. முறையிலிருந்து 50 சுழற்சிக்கான பால் (PAL) முறைக்கு மாற்றி, 25 ஃப்ரேம், 1/50 என்று அமையுங்கள். சில எல்.இ.டி. விளக்குகள் இதற்கும் அடங்காமல் தமக்கென ஒரு வேகத்தில் துடிக்கும். ஷட்டரைப் பின்ன அளவில் நகர்த்தும் வசதி கேமராவில் இருந்தால் அதையும் வசப்படுத்தலாம். இல்லையென்றால் ஒளியமைப்பாளரிடம் சொல்லி அந்த ஒரு விளக்கை மாற்றுவதே வழி.

இருளில் எடுப்பதற்குப் பிக்சல் குறைந்த கேமரா கைகொடுக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 2020-இல் வந்த சோனி ஏ7எஸ் மார்க் 3 கேமராவில் 12 மெகாபிக்சல்தான். 4கே படத்துக்கு வேண்டியதைவிடச் சற்றே அதிகம், அவ்வளவே. புள்ளிகள் பெரியவை, படிக்கும் வேகமும் மிகுதி. நிறத்தைப் பின்னர் சரிசெய்துகொள்வதற்காக வெளிறிய படமாகப் பதியும் அதன் லாக் முறையில் 640, 12800 என இரண்டு அடிப்படை ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) அளவுகள் உள்ளன, இரண்டாவதற்குத் தாவும்போது இருட்டுப் பகுதியில் மொய்க்கும் புள்ளிகள் குறைந்துவிடுகின்றன. எஸ்5 மார்க் 2 கேமராவிலும் இத்தகைய இரட்டை அடிப்படை உண்டு. உள்ளே விசிறியும் இருப்பதால் நெடுநேரப் பதிவுக்கு ஏற்றது. தங்கள் பணிக்கு, விலையுயர்ந்த கேமரா ஒன்றைவிட இதுபோன்ற நடுத்தரக் கேமராக்கள் இரண்டையே நான் பரிந்துரைப்பேன். ஒன்று களம் முழுவதையும் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் எந்தப் பக்கத்திலிருந்து எப்போது வருவான் என்று யாராலும் சொல்ல முடியாது. மற்றொன்று முகங்களையும் கால்களையும் தொடரட்டும்.

நொடிக்கு 100 மெகாபிட் என்ற அளவில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும். இரவு பத்து முதல் காலை ஆறு வரை எட்டு மணி நேரத்துக்கு 360 ஜி.பி.; இரண்டு கேமராக்களுக்கு 720 ஜி.பி. இதற்கு வி30 என்று குறித்த கார்டுகளே போதும்; ஆனால் ஒரு கார்டு நிறைந்ததும் அடுத்ததற்குத் தானே மாறும் அமைப்பை இயக்கிவிடுங்கள். பேட்டரிகளை நம்பாமல், யு.எஸ்.பி.-சி வழியாக வெளி மின்சாரத்தில் ஓட்டுங்கள். ஜெனரேட்டர் மாறும் நொடியைத் தாங்க நடுவில் ஒரு பவர் பேங்க் இருக்கட்டும். ஒலியைக் கேமராவின் மைக்கில் விடாதீர்கள். முகவீணைக்கும் மிருதங்கத்துக்கும் அருகில் தனி ரெக்கார்டர் வையுங்கள். கூத்து முடியும் தறுவாயில் விடியத் தொடங்கும். விளக்கின் மஞ்சளும் வானத்தின் நீலமும் கலக்கும் அந்த அரை மணியில் வெண்சமநிலையை மாற்றிக்கொண்டே இருக்காமல் ஓரிடத்தில் பூட்டி, 10 பிட்டில் பதிந்து, பிறகு சரிசெய்யுங்கள். பாரதப் போரின் முடிவைக் காட்டும் படுகளம் பகலில் நடப்பதால் அதற்குத் தனி அமைப்பு வேண்டும். ஒளியைக் குறைக்கும் என்.டி. வடிகட்டி இல்லாமல் 1/50 ஷட்டரில் வெயிலில் எடுக்க இயலாது.

கேள்வி: வாணியம்பாடிப் பகுதியில் எருது விடும் விழாக்களை எடுக்கிறேன். பங்குனிக்குப் பிறகு கேமரா சூடாகி அணைந்துவிடுகிறது. ஓடும் மாடு சாய்ந்தது போலவும் பதிகிறது. (வாணியம்பாடி வாசகர்)

பதில்: பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்களின் குறிப்பேட்டில், இயங்கும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி வரை என்று எழுதியிருக்கும். நம் ஊரில் அக்னி நட்சத்திரத்தின்போது நிழலிலேயே அந்த எல்லை தாண்டிவிடுகிறது. வெயிலில் நிற்கும் கறுப்பு உடலின் சூட்டைக் கேட்க வேண்டியதில்லை. எனவே தங்களுக்கு விசிறி உள்ள கேமரா தேவை. எஸ்5 மார்க் 2, சோனி எஃப்.எக்ஸ்.30 இரண்டிலும் அது உண்டு. இருக்கும் கேமராவுக்கு ஒரு குடை, உடலின்மேல் வெள்ளைத் துணி, பின்திரையை விரித்து உடலிலிருந்து விலக்கி வைத்தல், மாடு வராத நேரத்தில் அணைத்து வைத்தல் ஆகியவை உதவும். சில கேமராக்களின் மெனுவில், சூட்டினால் அணையும் எல்லையை உயர்த்தும் அமைப்பும் உள்ளது. அப்படி உயர்த்திய கேமராவை டிரைபாடில் வைத்தே இயக்க வேண்டும்.

மாடு சாய்வது, சென்சார் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கப்படுவதால். கீழ் வரிசைக்கு வருவதற்குள் மாடு நகர்ந்துவிடுகிறது. ஃபூஜிஃபில்ம் எக்ஸ்-எச்2எஸ், நிக்கான் இசட்8 போன்று சென்சாரை மிக வேகமாகப் படிக்கும் கேமராக்களில் இது மிகக் குறைவு. அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், மாடு குறுக்கே ஓடும் இடத்தை விட்டு, ஓட்டப்பாதையின் கோடியில் தடுப்புக்குப் பின்னால் நின்று, தங்களை நோக்கி வரும்படி 200 மி.மீ. லென்ஸில் எடுங்கள், சாய்வு பெரிதும் மறைந்துவிடும், படமும் வலுவாக இருக்கும். தடுப்பைத் தாண்ட வேண்டாம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

கேள்வி: 10 பிட் 4கே கேமரா வாங்கினேன். ராணிப்பேட்டையில் என் அலுவலகக் கணினியில் கோப்பைத் திறந்தால் படம் தத்தித் தத்தி ஓடுகிறது. கேமராவை மாற்றிவிடலாமா? மானிட்டரும் 4கே-ஆக மாற்ற வேண்டுமா? (ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: கேமராவை மாற்ற வேண்டாம். தங்கள் கேமரா எச்.265 என்ற சுருக்க முறையில், 10 பிட், 4:2:2 (இரண்டு பிக்சல்களுக்கு ஒரு நிறத் தகவல்) என்று பதிகிறது போலும். அந்த வகைக் கோப்பை விரிப்பதற்கான தனிச் சுற்று எல்லாக் கணினிகளிலும் இல்லை. இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த, உள்ளமைந்த கிராபிக்ஸ் கொண்ட செயலிகளிலும், ஆப்பிள் எம் வரிசையிலும் உண்டு. என்விடியா அட்டைகளில் 50 வரிசையில்தான் வந்தது. விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டை போட்டும் படம் தத்துகிறதே என்று பலர் திகைப்பதற்கு இதுவே காரணம். கணினியை மாற்றும் வரை, எடிட்டிங் மென்பொருளில் பிராக்சி எனப்படும் சிறிய மாற்றுக் கோப்புகளை உண்டாக்கி வெட்டித் தொகுத்துவிட்டு, இறுதி வெளியீட்டின்போது மூலக் கோப்புக்கு மாறிக்கொள்ளுங்கள்.

மானிட்டரை மாற்றத்தான் வேண்டும். 27 அங்குல 4கே மானிட்டரில் அங்குலத்துக்கு 163 பிக்சல்கள். மேசையிலிருந்து இரண்டடி தொலைவில், ஃபோகஸ் தவறியதும் கடுமையான சுருக்கத்தால் வரும் கட்டங்களும் ஒளிவுமறைவின்றித் தெரியும். வாடிக்கையாளர் காண்பதற்கு முன் நாம் காண வேண்டும். 5120 × 2880 அளவுள்ள 5கே திரையில், 4கே படத்தைச் சுருக்காமல் வைத்து, சுற்றிலும் எடிட்டிங் கருவிகளுக்கும் இடம் விட முடியும் என்பது ஒரு வசதி, கட்டாயமில்லை. எதுவானாலும் நிற அளவீட்டுக் கருவியால் சரிசெய்து வையுங்கள்.

வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நொடிக்கு 40 மெகாபிட் அளவில் இரண்டு மணி நேர 4கே படம் 36 ஜி.பி. வரும். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றி எழுத வேண்டும். எல்லாத் தொலைக்காட்சிகளும் எக்ஸ்ஃபேட் படிப்பதில்லை என்பதால், முன்பணம் வாங்கும் நாளிலேயே அவர்கள் வீட்டு டிவியின் மாடல் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.